ஐந்தடி கேபினில் ஏழடிக் கம்பு

ஆறு தூண்டில் கம்புகளை ஒடியாமல் வைக்க ஓர் இடம் வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இதற்காகத் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் வாய் ஓயாமல் பேசியது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், உங்கள் ஊரில் யாருக்கும் வேலையே இல்லையா என்று கேட்பார்கள். வேலை நிறைய இருந்தது. ஏலம் போட மீன் இருந்தது, உடைக்க ஐஸ் இருந்தது, சிக்கெடுக்க வலை இருந்தது. வாய்க்கும் கைக்கும் சம்பந்தமில்லாததால் எல்லாம் சேர்ந்தே நடந்தது.

படகு அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். மூத்தவர் தணிகாசலம், இளையவன் புருஷோத்தமன். வம்பாகீரப்பாளையத்தில் எதிரெதிர் வீடு. இருவரும் சேர்ந்து வலை இழுத்தவரை ஒரு சிக்கலும் இல்லை. ஒருநாள் வலைக்கயிறு சுண்டி இழுத்ததில் தம்பியின் வலது தோள் பிய்ந்துபோனது. மருந்து, மாவுக்கட்டு, எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. கை தோளுக்கு மேலே ஏறவில்லை. சட்டை மாட்டிக்கொள்ளவே மனைவி அஞ்சலாட்சி வேண்டியிருந்தது. அவன் எங்கே வலை இழுப்பது?

சும்மா உட்கார்ந்து சுவரை வெறித்துக்கொண்டிருந்தவனைத் தூண்டில்தான் மறுபடி கடலுக்குக் கொண்டுபோனது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆசைக்கு மீன் பிடிக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டுபோய், மீன் அண்டும் பாறைக்கு மேலே படகை நிறுத்த வேண்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீருக்கடியில் எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்பது புருஷோத்தமனுக்கு மனப்பாடம். அதற்குத் தோள் வேண்டியதில்லை. அண்ணனைக் கெஞ்சி, வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்கப் படகில் ஒரு சின்ன கேபினும் கட்ட வைத்தான். வார நாட்களில் அண்ணன் ஆட்களோடு வலைக்குப் போவார். சனி, ஞாயிறு தம்பி போவான்.

கேபின் கட்டியவர்கள் கம்பு வைக்க இடம் விடவில்லை. கம்புகள் தரையில் கிடந்தன. மிதிபட்டன, உருண்டன, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலை தூக்கிப் போட்டதில் ஐஸ் பெட்டி சறுக்கிப் போய் முருகையனின் கம்பை இரண்டாக ஒடித்துவிட்டது.

முருகையன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா, அதனால் ஊரில் சொல்தா அய்யா என்பார்கள். பென்ஷன் பிரான்சிலிருந்து, சாப்பாடு லாஸ்பேட்டையில். அவர் கம்பு ஏழடி நீளம், ஒரே துண்டு. கழற்றி மடிக்கிற சாதி இல்லை. ஒடிந்ததற்கு அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் புருஷோத்தமனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"புருஷு, உன்ன மாதிரி பாறை தெரிஞ்சவன் இந்தக் கரையில இல்ல," என்றார். "ஆனா கம்பு வைக்க எடம் இல்லாத போட்டுல நான் இனிமே ஏற மாட்டேன். வர்ற சனிக்கிழம மூணு சினேகிதனுங்களோட வரேன். எடம் இருந்தா உன் போட்டு. இல்லன்னா அந்தப் பாவாடை இருக்கானே, அவன் போட்டு. கோவம்லாம் ஒண்ணும் கெடையாது. வுவாலா, அவ்ளோதான்."

தணிகாசலம் இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நல்லதாப் போச்சு," என்றார் தம்பியிடம். "எனக்கு வலை போட எடம் பத்தல. சனிக்கிழம அந்தாளு வேற போட்டுக்குப் போயிட்டாருன்னு வை, ஞாயித்துக்கெழம கேபின அறுத்துத் தூக்கிடறேன். நீ கரையில ஐஸ் பாத்துக்க."

கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணுக்குப் படகில் வலை தெரியும், மீன் தெரியும். தம்பி முகம் தெரிவதற்குக் கொஞ்சம் நேரமாகும்.

வீட்டுக்கு வந்த புருஷோத்தமன் சாப்பிடவில்லை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு அவனுக்கு உயிர். அதையே ஒதுக்கினான் என்றதும் அஞ்சலாட்சிக்கு விஷயம் பெரியது என்று புரிந்துவிட்டது. முழுவதும் கேட்டாள்.

"இதுக்கா சோத்த வெச்சிட்டு ஒக்காந்திருக்கிற? மேல மாட்டிடலாம். தட்டு போடறேன், சாப்பிடு."

அஞ்சலாட்சி கடற்கரைக்காரி அல்ல, முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி மகள். மில் மூடிய பிறகு அவள் வீட்டில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். அவள் தட்டாஞ்சாவடியில் சமையலறை அலமாரி செய்கிற பட்டறையில் சேர்ந்தாள். முதலில் பெருக்கினாள், பிறகு ஒட்டினாள், இப்போது அறுக்கிறாள், பொருத்துகிறாள். புறாக்கூடு மாதிரி அடுக்குமாடி வீடுகளில் சிலிண்டருக்கும் மாவு மிஷினுக்கும் இடம் கண்டுபிடித்துக் கொடுப்பவளுக்கு ஆறு கம்பு எம்மாத்திரம். அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. அவளிடம் எனக்குப் பிடித்ததே அந்தத் திமிர்தான்.

ஒரே ஒரு இடைஞ்சல். படகு அன்று சாயங்காலமே அண்ணனோடு கடலுக்குப் போய்விட்டது, வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வரும். கரையில் இருந்தாலும் அவளால் போய் அளக்க முடியாது. வீட்டுப் பெண் படகில் கால் வைக்கக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளும் வைத்ததில்லை.

"கேபின் உள்ளார நீளம் எவ்ளோ?"

"ஒரு ஆளு நீளம்."

"அடிக்கணக்குல சொல்லு."

"அடி எனக்கெதுக்கு? எத்தினி நாளு அதுல படுத்திருக்கேன். தலை முன்னாடி தடுப்புல முட்டும், காலு கதவுல முட்டும். நான் எவ்ளோவோ கேபினும் அவ்ளோ."

"நெசமாவா?"

"நான் படுத்த எடம் எனக்குத் தெரியாதா?"

அஞ்சலாட்சி டேப்பை எடுத்தாள். "சரி, படு."

நடுவீட்டில் பாய்கூட இல்லாமல் மல்லாந்து படுத்தான். உச்சந்தலையில் டேப்பை வைத்து உள்ளங்கால்வரை இழுத்தாள். "நேரா படு. வயித்த எதுக்கு எக்குற, நீளம்தான அளக்கறேன்," என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தடி எட்டங்குலம். தோள் பிய்ந்த பிறகு இருவரும் இவ்வளவு சிரித்தது அன்றைக்குத்தான்.

"மேல கூரை எப்பிடி?"

"கூரை கூரை மாதிரிதான் இருக்கும்."

கேபினைவிடக் கம்பு நீளம். குறுக்கே வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் நிற்காது. அவள் போட்ட கணக்கு இதுதான்: கூரைக்கு அடியில் ஏணி மாதிரி ஒரு சட்டம். கதவுப் பக்கம் ஆறு குழாய்த் துண்டு, அதில் கம்பின் கைப்பிடி உட்காரும். நடுவில் சீப்பு மாதிரி வெட்டிய பலகை, அதன் பல்லிடுக்கில் கம்பு படுக்கும். நுனிப்பக்கம் கேபினின் முன் தடுப்பில் ஆறு ஓட்டை. அந்த வழியாக நுனிகள் முகப்புக்குள் நீட்டிக்கொள்ளும். படகின் முகப்பை அணியம் என்பார்கள். அதற்குள் நங்கூரக் கயிறு சுருண்டு கிடப்பது தவிர வேறு புழக்கம் இல்லை. அலை எப்படி அடித்தாலும் நுனியை எதுவும் தொடாது.

பட்டறை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு வேலை முடிந்த பிறகு தங்கினாள். சாதாரணப் பலகை உப்புத் தண்ணீருக்கு உப்பிவிடும். மல்டிவுட் பலகையில் மிச்சம் விழுந்ததை ஒதுக்கி வைத்திருந்தாள். அறுத்தால் மரத்தூள் மாதிரி விழாமல் வெள்ளை வெள்ளையாகப் பறந்து புருவத்தில் ஒட்டியது. சீப்பின் ஒவ்வொரு பல்லையும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து உள்ளே ஒட்டினாள். இரும்பு ஸ்க்ரூ ஒரு மாதத்தில் துருவில் கரைந்துவிடும் என்று எவர்சில்வர் ஸ்க்ரூ தேடி வாங்கினாள். புருஷோத்தமன் சாயங்காலம் சாயங்காலம் டீயோடு வந்து, இடது கையால் பிடிக்க வேண்டியதைப் பிடித்தான். வியாழக்கிழமை சட்டம் முடிந்தது. அவள் அதன்மேல் தட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணன் வந்து தொங்கினாலும் தாங்கும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படகு வந்தது. வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெயில் இருந்தும் உறைக்கவில்லை. மீனை இறக்கிக் கழுவியதும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தணிகாசலம் மட்டும் வலையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி கரையில் நின்று சட்டத்தை நீட்ட, புருஷோத்தமன் வாங்கிக் கேபினுக்குள் கொண்டுபோனான். ஒரு முனை உள்ளே போனது. மறுமுனை கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"சாய்ச்சி நொழை," என்றாள்.

சாய்த்தான். அப்போதும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே நின்றது. தூக்கிப் பிடித்தால் இரண்டு ஓரம் மட்டும் கூரையைத் தொட்டன, நடுவில் இடைவெளி விழுந்தது. கூரை வளைந்திருந்தது.

"வளைஞ்சிருக்குன்னு சொல்லவேயில்லயே?"

"நீ கேக்கலயே."

"நீளம்? படுத்தா தலையும் முட்டும், காலும் முட்டும்னியே."

புருஷோத்தமன் கேபினுக்குள் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. பதினாறு வயதிலிருந்து படகில் தூங்குகிறவன். கடலில் யார் காலை நீட்டித் தூங்கியிருக்கிறார்கள்? முட்டியை மடக்கி, கையைத் தொடைக்குள் செருகிக்கொண்டு, கிடைத்த இடத்தில் சுருண்டுகொள்வதுதான் வழக்கம். சுருண்டு படுத்தும் கால் கதவில் முட்டியதால் அதுவே தன் முழு நீளம் என்று இவ்வளவு காலம் நினைத்திருக்கிறான். கேபின் ஐந்தடிதான்.

மீன் கூடையோடு அந்தப் பக்கம் வந்த கன்னியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது. அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் சொல்தா வந்து நிற்பார். சட்டத்தை அறுத்துக் குறைக்கலாம், ஆனால் குழாயும் சீப்பும் இடம் மாறும். நடுவில் எங்கெங்கே எவ்வளவு கட்டை கொடுக்க வேண்டும் என்று கூரையைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும். தலைக்கு மேலே கை தூக்கிச் செய்கிற வேலை. புருஷன் கை தோளைத் தாண்டாது.

அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள். "மாமா, நான் உள்ளார வரணும்."

"வேணாம்."

"ஒரு மணி நேர வேலை மாமா."

"ஒரு நிமிஷமா இருந்தாலும் வேணாம்மா. வூட்டுப் பொம்பள ஏறுன போட்டுல மீனு தங்காது. நான் வெச்ச சட்டமா இது?"

"போன மாசம் பெங்களூர்லேர்ந்து ஒரு பொண்ணு அர டவுசரோட வந்து அணியத்துல ஒக்காந்து போட்டோ எடுத்துக்கிச்சே. அப்ப மீனுக்குக் கண்ணு தெரியலையா?"

"அது விருந்தாளி. வூட்டுப் பொண்ணு வேற, விருந்தாளி வேற."

"சரி. ஒரு மணி நேரத்துக்கு என்னையும் விருந்தாளின்னு வெச்சிக்குங்க."

கன்னியம்மாள் மறுபடி சிரித்தாள். தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி அந்தச் சட்டத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் மறுத்திருப்பார். கேட்காதவனை என்ன சொல்லி மறுப்பது?

"நான் டீ குடிக்கப் போறேன்," என்றார் தணிகாசலம் பொதுவாக. "நான் வர்றதுக்குள்ளார இங்க இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

"அடியே அஞ்சல," என்றாள் கன்னியம்மாள். இப்போது அவள் சிரிக்கவில்லை. "யோசிச்சிக்க. நாளைக்கு மீனு வரலன்னா உன் தலையிலதான் வுழும். அப்புறம் கேபினும் இருக்காது, காலத்துக்கும் உன்ன வெச்சிப் பேசுவாங்க."

"தெரியும்க்கா."

"வேணாம் அஞ்சல," என்றான் புருஷோத்தமன். "எனக்காக நீ பேச்சு வாங்காத. நான் ஐஸ் வேலைக்கே போறேன்."

"நீ ஐஸ் வேலைக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வூட்டுக்கு வருவ. அத யாரு தெனம் பாக்கறது? கையக் குடு."

செருப்பைக் கரையில் விட்டுவிட்டு அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படகு அசைந்தது. கேபினுக்குள் குனிந்து போனதும் அவளுக்குக் கடல் மறந்துவிட்டது. டீசல் வாடையும் மீன் வாடையும் கலந்த ஓர் இண்டுச் சமையலறை, அவ்வளவுதான். கூரையைத் தடவினாள், எங்கே வளைவு தொடங்குகிறது, எங்கே கூரையின் விட்டம் ஓடுகிறது என்று பென்சிலால் கோடிட்டாள். வெளியே வந்து சட்டத்தை அறுத்தாள். குழாய்களைக் கழற்றி முன்னே தள்ளி முடுக்கினாள். இடைவெளிக்குக் கட்டைகளைச் சீவினாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். புருஷோத்தமன் ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தான். சட்டம் கூரையோடு ஒட்டி நின்றதும், தன் முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள்.

முன் தடுப்பில் ஓட்டை போட மிஷினை ஓட்டியதும் அந்தச் சத்தத்துக்குத் தணிகாசலம் ஓடி வந்தார். டீக்கடையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படி ஒரு காது.

"ஏய், அணியத்துக்கு ஓட்டையா போடற? சாமி இருக்கிற எடம்மா அது."

தடுப்பின் நடுவில் அவர் கையால் வைத்த மஞ்சளும் குங்குமமும் இருந்தன. ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் அங்கேதான் தொட்டுக் கும்பிடுவார்.

"பொட்ட தொட மாட்டேன் மாமா. கூரையோரமாதான் போடறேன். தூளு படும், அதுக்குத்தான் யோசனையா இருக்குது."

தணிகாசலம் கேபினுக்குள் குனிந்து நுழைந்தார். குங்குமத்தின் மேல் தன் உள்ளங்கையை அகல விரித்துப் பொத்திக்கொண்டார். "போடு," என்றார். ஆறு ஓட்டையும் போட்டு முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. வெள்ளைத் தூள் அவர் மணிக்கட்டிலும் மீசையிலும் விழுந்தது. நடுவில் ஒருமுறை, "கோணலாப் போவுது பாரு," என்று மட்டும் சொன்னார். கோணலாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் திருத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை இருட்டு பிரியும்போதே முருகையன் மூன்று நண்பர்களோடு வந்துவிட்டார். கம்புகளை ஒவ்வொன்றாகக் குழாயில் செருகி, நுனியை ஓட்டைக்குள் விட்டு, சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தரையில் ஒரு துரும்பு இல்லை. நான்கு பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். கரையில் நின்ற அஞ்சலாட்சிக்குப் பட்டாளத்து சல்யூட் ஒன்று வைத்து, "மேர்சி மதாம்," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

படகு போன பிறகு அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு, சுறாப்புட்டும் சோறும் ஆக்கிக் கட்டிக்கொண்டு மத்தியானத்துக்குத் துறைமுகத்துக்கு வந்தாள். தணிகாசலம் ஏலக் கூரைக்கடியில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். செய்தி ஏற்கெனவே துறைமுகம் முழுக்கப் போயிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் வந்த படகில் ஒரு கூடை காரல் மட்டும் இருந்தது. அடுத்ததில் அதுவும் இல்லை. பாவாடையின் படகு வந்தது, வலையைத் தூக்கி உதறினார்கள், நண்டு ஒன்று விழுந்து ஓடியது. தண்ணீர் இழுப்பு சரியில்லை, மீன் எங்கேயோ ஒதுங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அஞ்சலாட்சி தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். மீன் ஒதுங்குவதற்கு இந்த ஒரு நாள்தானா கிடைத்தது?

கடைசியில் புருஷோத்தமன் வந்தான். அவன் முகத்திலேயே தெரிந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்தால் கொண்டுபோன ஐஸ்தான் பாதி கரைந்து கிடந்தது. மூன்று பாறை மாற்றிப் பார்த்தும் ஒன்றுகூடக் கடிக்கவில்லையாம்.

முருகையன் இறங்கினார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, ஆனால் கோபமாக இல்லை. கையில் கம்பு இல்லை.

"அய்யா, கம்பு?" என்றாள் அஞ்சலாட்சி.

"அங்கியே இருக்கட்டும்மா. வர்ற சனிக்கிழமையும் வரோம், எதுக்குத் தூக்கிக்கினு அலையறது? போற வழியில ஒரு அலை தூக்கிப் போட்டுது பாரு, எங்க நாலு பேருக்கும் முதுகு போயிடுச்சி. கம்பு ஒண்ணுகூட அசங்கல." அவர் தணிகாசலத்தைப் பார்த்தார். "மீனு கெடைக்காதது கடல் சமாச்சாரம். கம்பு ஒடியாதது போட்டு சமாச்சாரம். நான் காசு குடுக்கறது போட்டுக்கு."

அவர்கள் போனதும் பாவாடை வந்தான். ஒரு சனிக்கிழமைச் சவாரி கைநழுவிப் போன எரிச்சல் அவனுக்கு. அவனோடு நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். பேச்சு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"இன்னா தணிகாசலண்ணே, பெட்டி காலியாமே? நேத்து உங்க போட்டுல பொம்பள ஏறி ஆணி அடிச்சிச்சாம். அப்புறம் மீனு எங்கேர்ந்து வரும்? பெரியவங்க சும்மாவா சொன்னாங்க."

புருஷோத்தமன் ஒரு எட்டு முன்னால் வந்தான். அஞ்சலாட்சி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பார்த்ததெல்லாம் தணிகாசலத்தைத்தான். இவர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், நாளைக் காலையில் கேபின் இருக்காது, சொல்தாவின் கம்புகள் லாஸ்பேட்டைக்குப் போய்விடும்.

தணிகாசலம் வலைச் சிக்கைப் பல்லால் கடித்து எடுத்தார். நூலைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமாண்டா. எங்க போட்டுல எங்க வூட்டுப் பொண்ணு ஏறுச்சி. நான்தான் கூட நின்னேன். மீனு வரல, சரி." துறையில் வரிசையாக நின்ற படகுகளைக் கையால் காட்டினார். "காலையிலேர்ந்து இத்தினி போட்டு வெறும் பெட்டியோட வந்து நிக்குதே. உன் போட்டுல ஒரு நண்டு. இதுல எல்லாம் எவன் பொண்டாட்டிடா ஏறுனா?"

கன்னியம்மாள் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாவாடை தன் படகைத் திரும்பிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே நடந்தான்.

புருஷோத்தமன் பக்கத்தில் அஞ்சலாட்சியும் கீழே உட்கார்ந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்து சோற்றைப் போட்டு, சுறாப்புட்டை அள்ளி வைத்து, முதல் தட்டை மூத்தாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு ஏலக் கூரையின் நிழலை விட்டு எழுந்தார்.

"இங்க ஒரே ஈயி. வாங்க, கேபின்ல ஒக்காந்து சாப்பிடலாம்," என்றார். புருஷோத்தமன் எழுந்தான். அஞ்சலாட்சி எழவில்லை. தணிகாசலம் நாலடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னதாம்மா. வா."